இடது காலு சிலிப்பர்

12.8.2025, செவ்வாய்

மைனரே, இன்னிக்கு உன் சட்டைகளை மடிச்சுக் கோயில்ல குடுத்துட்டேன். உயிரோட இருந்தப்ப நீங்க நீங்கன்னுதான் கூப்பிட்டேன். இனிமே நீதான். மரியாதையெல்லாம் நின்னு பேசுற ஆளுக்கு. நீ எங்க நின்ன?

நான் ஆறாம் வகுப்போட தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவ. நாலு வரி எழுதினா கை வலிக்குது. ஆனா தனியா வாய்விட்டுப் பேசினா பக்கத்து வீட்டுல காதைத் தீட்டிக்கிறாங்க. அதான் எழுதுறேன்.

15.8.2025, வெள்ளி

காலையில உன் அக்கா வந்தாங்க. குணசுந்தரி அண்ணி அழுதாங்க, அழுது முடிச்சுச் சாப்பிட்டாங்க, சாப்பிட்டு முடிச்சு மறுபடி அழுதாங்க. "விதி புள்ள. சிடாம் கிரி இறக்கத்துல எமன் லோரியில வந்து நின்னுட்டான், நம்ம என்ன பண்றது." நானும் தலையை ஆட்டினேன். போலீஸ்காரனும் அதைத்தானே சொன்னான் — மழை, ஈர ரோடு, உன் மோட்டர் சைக்கிள் முச்சந்தியில நிக்காம போயிடுச்சு, குறுக்கே செம்பனைக் குலை ஏத்தின லோரி.

உன்னைத் துணியில சுத்திக் குடுத்தாங்க. மோட்டருக்கு ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைஞ்சதோட சரி. வாசல்ல பளபளன்னு நிக்குது. எட்டி உதைக்கலாம் போல இருக்கு.

சாயங்காலம் காளிதாசன் அண்ணே வந்தாரு. உன் பழைய மோட்டர் கிளப்புத் தலைவரு. கூட ரெண்டு பேரு, மூணு பேருக்கும் ஒரே மாதிரி டீ சட்டை. "தங்கச்சி, சுகுமாரன் மோட்டர் முழுசா ஒரி. எழுபத்தெட்டு மாடல் இந்த மாதிரி கெடா மாநிலத்துல இன்னொண்ணு காட்டுங்க பாப்போம். டிசம்பர்ல சுங்கை பட்டாணியில ஷோ இருக்கு. அவன் படத்துக்கு மாலை போட்டு நடுவுல நிறுத்துறோம். அதுக்கப்புறம் கிளப்புலயே ஞாபகமா வச்சுக்கறோம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், தொடைக்கக்கூட வேணாம்."

ஒரி. ஒரிஜினலை இவங்க அப்படித்தான் சொல்வாங்க. கம்பெனியில செஞ்சப்ப வந்த சாமான், வெளி சாமான் ஒண்ணும் கலக்காதது. நீ பொய்ப்பல்லு கட்டிக்கிட்டே. மோட்டருக்கு மட்டும் ஒரு திருகாணிகூட வெளிய வாங்க மாட்டே.

எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் வண்டி கொண்டாறேன்னாரு. கண்ணு முன்னால இல்லாம போனா போதும்.

19.8.2025, செவ்வாய்

பேக்டரி வேன் இன்னிக்கும் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. சூப்பர்வைசர் ஏசினான்.

22.8.2025, வெள்ளி

கதவு மூலையில ஒரு சாக்குப் பை. பாத்தா எல்லாம் ஜப்பான் சிலிப்பரு, அந்த ரப்பர் செருப்புதான். எல்லாமே வலது காலு. புதுசாட்டம் கெடக்கு. இடது காலு ஒண்ணுகூட இல்ல.

எனக்குத் தெரியும்தான். இடது காலு சிலிப்பர் மட்டும் குதிகால்ல தேஞ்சு ஓட்டை விழும், பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில நான் புதுசு வாங்கிட்டு வருவேன். தேஞ்சதை வீசுவே, நல்லா இருக்கறதை ஏன் வீசணும்னு மத்ததைப் பையில போடுவே. "நடக்கறீங்களா, ஏர் ஓட்டறீங்களா?"ன்னு கேப்பேன். சிரிப்பே. அது என்ன சிரிப்பு?

ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுத்ததை இன்னிக்குத்தான் பிரிச்சேன். கைக்கெடிகாரம், பர்ஸ், ஒரே ஒரு சிலிப்பர். இடது காலு. குதிகால் இருந்த இடத்துல என் ரெண்டு விரலு நுழையுது. இது நான் இந்த வருசம் ஹரிராயாப் பெருநாளுக்கு முன்னால வாங்கினது.

நடந்து தேயற தேய்மானமா இது?

29.8.2025, வெள்ளி

மோட்டரைத் தள்ளிக்கிட்டே, நீ வழக்கமா போற பரஞ்சோதி பட்டறைக்குப் போனேன். கண்ணாடியை மாத்திக் கிளப்புக்குக் குடுத்துடலாம்னுதான். சிலிப்பரைக் கூடையில போட்டுக்கிட்டேன். ஏன் போட்டேன்னு தெரியல.

பரஞ்சோதி அதைப் பாத்துட்டான். திருப்பிப் பாத்தான். அவன் முகம் செத்துப் போச்சு.

"அக்கா... அண்ணே காலாலதான் நிறுத்திக்கிட்டு இருந்தாரு."

பின் சக்கரத்தைக் கழட்டி உள்ள இருந்து வளைஞ்ச ரெண்டு கட்டையை எடுத்தான். பிரேக் ஷூவாம். மோட்டருக்கும் ஷூவாடான்னு கேட்டேன். "ஆமாக்கா, இதுதான் சக்கரத்தை உள்ளுக்குள்ள அழுத்திப் பிடிக்கும். இதுமேல பட்டை இருக்கணும்." பட்டை எங்க இருக்கு? அப்பளம்கூட அதைவிடத் தடிப்பு. ஒரு பக்கம் இரும்பே தெரியுது. முன் சக்கரமும் அதே லட்சணம்.

"எத்தனையோ வாட்டி சொன்னேன்லா. ஒரி இப்ப வர்றதில்ல, வெளி சாமான் போட்டுத் தர்றேன்னேன். ஷோவுல ஜட்ஜு சக்கரத்தைக் கழட்டிப் பாப்பான், பாயிண்டு போயிடும்னாரு."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அக்காகிட்ட சொன்னே, கொன்னுடுவேன்னாரு."

"இப்ப யாருடா செத்தா?"

நான் அவனை ஏசிட்டு மோட்டரை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.

விதியாம். எமனாம். எமனுக்கு வேற வேலை இல்ல பாரு. பாயிண்டு! நீ பாயிண்டுக்குச் செத்தியா?

நான் பின்னால உக்காந்துதானே வந்தேன், தினம். இறக்கம் வந்தா இடது காலைத் தொங்கப் போட்டு ரோட்டுல இழுத்துக்கிட்டே வருவே. ஸ்டைலுன்னு நெனச்சேன். அதுக்குத்தானே மைனருன்னு பேரே வச்சேன். நான் முதுகுல சாஞ்சு தூங்கிக்கிட்டு வருவேன் — பிரேக்கு இல்லாத வண்டியில — உன்னை நம்பி —

எழுத முடியல.

31.8.2025, ஞாயிறு

சுதந்திர தின லீவு. ரோடெல்லாம் கொடி.

அலமாரியைச் சுத்தம் பண்ணினேன். என் கூறைப் புடவைக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி. ஜப்பான் எழுத்து. பிரிச்சா, ரெண்டு வளைஞ்ச கட்டை. ஒரு கீறல் இல்ல.

பரஞ்சோதி கையில பாத்த அதே சாமான்.

அப்போ வச்சிருந்திருக்கே. நீ தாய்லாந்துப் பக்கம் ஹட்ஜாய்க்குப் போன வருசம் வாங்கினதாத்தான் இருக்கும், அன்னிக்குத்தான் வாயெல்லாம் பல்லா வந்தே. வாங்கிட்டு வந்து, ஷோவுக்குன்னு என் புடவைக்கு அடியில படுக்க வச்சிருக்கே. கூறைப் புடவையை நானும்தான் நல்ல நாளுக்குன்னு வச்சிருக்கேன். புடவையை வச்சிருந்தா யாரும் லோரியில விழ மாட்டாங்க.

இன்னிக்கு உலை வைக்கல. உன் படத்துக்கும் வெளக்கு ஏத்தல.

5.9.2025, வெள்ளி

பெட்டியைக் கொண்டுபோய் பரஞ்சோதி முன்னால வச்சேன். "இதைப் போடுடா. அவரு ஆசைப்பட்ட ஒரி."

அவன் ஒரு கட்டையை எடுத்துச் சிமிண்டுத் தரையில லேசாத் தட்டினான். பட்டை தனியாக் கழண்டு விழுந்துச்சு, காலுல போடுற பழைய சப்பாத்து அடிப்பாகம் பேந்து வர்ற மாதிரி.

"பசை காஞ்சிடுச்சுக்கா. ரொம்ப வருசம் சும்மா கெடந்த சாமான். இதை மாட்டியிருந்தா ஓடும்போதே பேந்து சக்கரத்தை இறுக்கியிருக்கும்."

நான் சிரிச்சுட்டேன். நிறுத்த முடியல. பரஞ்சோதி பயந்து போயி ஒரு பேக்கெட் மைலோ வாங்கிட்டு வந்து குடுத்தான்.

குடிச்சுட்டுச் சொன்னேன்: "எது நிக்குமோ அதைப் போடு."

"வெளி சாமான்தான்கா இருக்கு. காளிதாசன் அண்ணே ஏசுவாரு. மோட்டர் ஒரி இல்லாம போயிடும்."

"ஓட்டுன ஆளே இல்லாம போயிட்டாரு. போடு."

பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். புதுசு கொஞ்சம் தடிப்பு, உள்ள போகல. உப்புத்தாளு வச்சுத் தேச்சான், வச்சுப் பாத்தான், மறுபடி தேச்சான். பிரேக்குக் கயிறும் புதுசு மாத்தினான். முன்னுக்கும் பின்னுக்கும். இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருசம்?

"ஆரம்பத்துல சரியாப் பிடிக்காதுக்கா, மெதுவா ஓட்டணும். கீச்சுனு சத்தம் வரும். வெளி சாமான் அப்படித்தான்."

"வரட்டும். அவரு சத்தமே இல்லாமதான போனாரு."

12.9.2025, வெள்ளி

காளிதாசன் அண்ணே ஹைலக்ஸ் பிக்கப் எடுத்துக்கிட்டு வந்தாரு, மோட்டரை ஏத்திக்கிட்டுப் போக. விசயம் காதுக்கு எட்டியிருக்கு.

"என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்டீங்க. அவன் உசுரா வச்சிருந்தது. சரி, பழசு எங்க? அதையே திரும்ப மாட்டிடலாம். ஷோவுல நிறுத்தி வைக்கத்தானே போறோம்."

"மோட்டரைக் குடுக்கல அண்ணே. பழசு வேணும்னா இருங்க."

உள்ள போயி உன் சிலிப்பரை எடுத்துட்டு வந்து அவரு கையில குடுத்தேன்.

"இதுதான் அவரோட ஒரி பிரேக்கு. இதை நடுவுல வச்சு மாலை போடுங்க."

அவரு ஓட்டைக்குள்ள பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, "அவன் காலை இறக்கறது எங்களுக்குத் தெரியும் தங்கச்சி. சும்மா கேலி பண்ணுவோம். காலு பிரேக்கு மைனருன்னு."

மைனரு. நான் வீட்டுக்குள்ள கூப்பிடுற பேரு.

"தெரிஞ்சு சிரிச்சீங்களா?"ன்னு கேட்டேன். அவரு சிலிப்பரை வாசப்படியில வச்சாரு, கும்பிடுற மாதிரி குனிஞ்சு வச்சாரு. வெறும் ஹைலக்ஸ்தான் திரும்பிப் போச்சு.

23.9.2025, செவ்வாய்

மோட்டர்லதான் வேலைக்குப் போறேன். லைசென்ஸ் கன்னிப் பொண்ணா இருந்தப்ப எடுத்தது, வருசா வருசம் ரினியூ பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான் தொட விடல.

அண்ணி போன் பண்ணினாங்க. "தாலி எறங்கி மூணு மாசம் ஆகல, மோட்டர்ல சவாரியாமே. ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும் அண்ணி. உங்க தம்பியைப் பாத்தும்தான் சிரிச்சாங்க."

20.10.2025, திங்கள்

தீபாவளி. நமக்கு இல்ல. பக்கத்து வீட்டு முறுக்கு வந்துச்சு. எண்ணெய் காறல்.

4.12.2025, வியாழன்

ஷோ நாளைக்காம். பரஞ்சோதி சொன்னான். சரின்னேன்.

இன்னிக்கு வேலை முடிஞ்சு வர்றப்ப செமிலிங் பக்கம் தண்ணி ஏறிடுச்சு, ரோட்டை மறிச்சுட்டாங்க. சிடாம் கிரி சுத்தித்தான் வரணும். இத்தனை நாளா அந்த லோரி முச்சந்திப் பக்கமே போகாம இருந்தேன்.

இறக்கம். மழை. என் இடது காலு தானா கீழ இறங்கப் பாத்துச்சு. மேலேயே வச்சுக்கிட்டேன். கையாலயும் வலது காலாலயும் அழுத்தினேன். கீச்சுனு ஒரு சத்தம், பன்னிக்குட்டி கத்தற மாதிரி. உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு.

முன்னால செம்பனை லோரி ஒண்ணு போச்சு. குலையில இருந்து தண்ணி வழிஞ்சுக்கிட்டே போச்சு. நான் ரெண்டு காலையும் தரையில ஊனி நின்னுக்கிட்டிருந்தேன். பின்னால வந்த காடிக்காரன் ஹாரன் அடிச்சான். அடிக்கட்டும்னு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன்.

வீட்டுக்கு வந்து என் சிலிப்பரைக் கழுவிக் கவுத்து வச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. உங்க படத்துக்கு வெளக்கு ஏத்திட்டேன். கோவம் போகல. ஆனா கேக்கணும்னு தோணுது, சத்தம் போடாம.

ஏங்க, நிறுத்துறதுக்கு ஒரு காலு போதும்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?