பாதி முகத்தோடு அக்கா வீட்டில்

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழரை. திருத்துறைப்பூண்டியில் இறங்கியதிலிருந்து முகக்கவசத்தைக் கழற்றவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார். "எங்கயோ பாத்த மாதிரி இருக்கே சார்." இருமினேன். விட்டுவிட்டார்.

டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொன்னார், எது அசைகிறது எது அசையவில்லை என்று. அதற்குத்தான் இந்த நோட்டு.

அசையாதவை: இடது புருவம். இடது கண் முழுக்க மூடாது. உதட்டின் இடது ஓரம். விசில். 'ப', 'ம' சொன்னால் காற்று இடது பக்கமாக ஓடிவிடுகிறது.

அசைபவை: மீதி.

கண் சொட்டு மருந்து மணிக்கொரு தரம். மாத்திரை காலையில் நாலு, வியாழன் முதல் மூன்று. படுக்கும்போது இமையை டேப் போட்டு ஒட்ட வேண்டும். கண்ணாடி முன் பயிற்சி மூன்று வேளை. மனைவி உமாவுக்கு போன்.

எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். சீரியல் செட்டில் மதியச் சாப்பாடு முடிந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் நேராகச் சட்டையில். மேக்கப் போடுகிறவர், "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அன்று மாலை ஸ்கேன். மூளையில் ஒன்றுமில்லை, பக்கவாதம் இல்லை. முகவாதம். "மூணு வாரத்துல திரும்பலாம், மூணு மாசமும் ஆகலாம். கவலப்படாதீங்க, அதான் முக்கியம்." அதற்கு மட்டும் மாத்திரை எழுதவில்லை.

சென்னையில் இருக்க முடியாது. எங்கள் லிஃப்டில் தினமும் இரண்டு சீரியல் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். உமா டீச்சர், பள்ளிக்கூடத்தில் லீவு கிடையாது. அதனால் இங்கே.

கம்பெனி மேனேஜர் சேகரிடம் சொன்ன காரணம்: "அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க, சீரியஸ்." யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது அடுப்படியில் ஆரோக்கியமாக யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள்.

12-ஆம் தேதி கதையில் மகள் கல்யாணம். அப்பா இல்லாமல் கல்யாணம் நடக்காது. நான்தான் அப்பா.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

காலை டீ பாதி வயிற்றுக்குள், பாதி துண்டில். அக்கா ஒரு ஸ்ட்ரா கொண்டுவந்து வைத்தாள். அத்தான், "டீயை உறிஞ்சறதுக்கு இது நல்ல வழியா இருக்கே" என்று தனக்கும் ஒன்று கேட்டார்.

கூத்தாநல்லூரில் பிசியோதெரபி. நஸ்ரின் என்ற பெண், முப்பது வயதிருக்கும். கவசத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரு நொடி. பிறகு சாதாரணமாக, "புருவத்தத் தூக்குங்க சார்." தூக்கினேன். ஒன்று தூக்கிக்கொண்டது. "கண்ண இறுக்கி மூடுங்க. கன்னத்த உப்புங்க." கிளம்பும்போதுதான் சொன்னார்: "எங்க உம்மா உங்க சீரியல விட மாட்டாங்க. அவங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க." நான் பயப்படுவதாக நான் சொல்லவேயில்லை.

கண்ணாடியில் பயிற்சி. கோபம், வருத்தம், சந்தோஷம். எதைச் செய்தாலும் ஒரே மாதிரி. யாரையோ நக்கல் செய்கிற முகம். வில்லன் வேஷம் கேட்டு ஒரு காலத்தில் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன்.

நவம்பர் 5, புதன்

மாட்டிக்கொண்டேன்.

சேகர் யூனிட் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: 'சாரின் அக்காவுக்காக எல்லோரும் பிரார்த்தனை செய்வோம்.' நாற்பது கும்பிடுகிற கைகள். அந்தக் குழுவில் லைட்மேன் ஒருவர் வேதாரண்யத்துக்காரர். அவர் மனைவிக்கு எங்கள் சித்தி மகள் கலாவைத் தெரியும். பத்து மணிக்கு அக்கா போனில் கலா. அழுகை. அக்காதான் எடுத்தாள்.

"யாருக்கு சீரியஸ்? எந்த மல்லிகா?... ஏண்டி, நான்தாண்டி பேசுறேன். எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். அழுவாத. யாரு சொன்னா?... யாரு?"

போனை வைத்துவிட்டு நேராக என் அறைக்கு.

"என்னயப் படுக்க வச்சிட்டியா தம்பி?"

"வாயில வந்துடுச்சுக்கா."

"உனக்குத்தான் வாயே கோணிக்கிட்டு கெடக்கே, அதுல எப்படி இம்புட்டு பெரிய பொய் வந்துச்சு?"

சிரித்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். "உனக்கு ஒண்ணுன்னா உனக்குன்னு சொல்ல வேண்டியதுதானே. இதுல என்னடா அசிங்கம்?" அசிங்கம் இல்லை அக்கா, பயம். சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். நடிக்க வந்து இருபத்து மூன்று வருடம். கார் கதவு திறக்கிற இன்ஸ்பெக்டர், மாப்பிள்ளையின் பெரியப்பா, 'சாரி, எங்களால முடிஞ்சதச் செஞ்சிட்டோம்' டாக்டர். அந்த டாக்டர் மட்டும் ஒன்பது படத்தில். சதாசிவம் வாத்தியார், இந்த சீரியல் அப்பா வேஷம், ஐம்பதாவது வயதில் வந்தது. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் 'அப்பா' என்று கூப்பிடுகிறார்கள். இந்த இடத்தை ஒரு வாரம் காலியாக விட்டால் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். நானே அப்படி இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்தவன்.

இன்று அசைந்தது: ஒன்றுமில்லை.

நவம்பர் 7, வெள்ளி

டைரக்டர் பிரபு வீடியோ கால். நான் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. "சார், அக்காவ ஒரு தடவ பாக்கணும்"னு மெசேஜ். நல்ல பையன், முப்பத்து நாலு வயது, இதுதான் தொல்லை.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாள். "போடு போனை. நான் பாத்துக்கறேன்." நெற்றியில் பொட்டை அழித்தாள், அவளாகவே.

போனை அவள் பக்கம் பிடித்தேன். கண்ணைப் பாதி திறந்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். "தம்பி... நல்லாருக்கீங்களா... எங்க ராசுவ... சீக்கிரம் அனுப்பி வச்சிடறேன்..." நடுவில் மூச்சு வாங்கினாள் பாருங்கள், அதை எங்கே கற்றாள். பிரபு குரல் உடைந்துவிட்டது. "நீங்க நல்லபடியா வரணும்மா. அதுதான் முக்கியம்."

பிறகு, "சார், உங்க முகத்தக் காட்டுங்க, ரெண்டு நிமிஷம் பேசணும்."

சிக்னல் இல்லை என்று கட் செய்துவிட்டேன்.

அக்கா எழுந்து பொட்டு வைத்துக்கொண்டாள். "நல்லா செஞ்சேனா?" என்றாள். நன்றாகச் செய்தாய் என்றேன். முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. "அந்தப் பையன் அழுவுறான்டா. இனிமே என்னய இதுக்குக் கூப்புடாத."

மாத்திரை மூன்று. போட்டாயிற்று.

நவம்பர் 8, சனி

ராத்திரியெல்லாம் கொட்டி, காலையிலும் விடவில்லை. அத்தான் வயலில் நேரடி விதைப்பு, சம்பா, ஐம்பது நாள் பயிர். நுனி மட்டும் தெரிகிறது. வடிகாலில் வெங்காயத்தாமரை (சென்னையில் ஆகாயத்தாமரை) அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கவில்லை. தெருவே அரிவாளோடு கிளம்பியது. நானும் போனேன். அறையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதற்கு அது மேல்.

இடுப்பளவு தண்ணீர். கால் மணி நேரத்தில் முகக்கவசம் நனைந்து மூக்கில் ஒட்டி மூச்சு விட முடியவில்லை. பிய்த்துப் போட்டேன். பக்கத்தில் தாமரையை இழுத்துக்கொண்டிருந்த ராஜகுமாரி நிமிர்ந்து பார்த்தார். அக்கா வயலுக்குக் களை எடுக்க வருகிறவர்.

"நம்ம மல்லிகாக்கா தம்பி! டிவியில வாத்தியாரா வருவாருல்ல. வாய் ஏன் ஒரு பக்கம் இழுத்திருக்கு?"

"முகவாதம்," என்றார் அத்தான்.

"எங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சு. நாலே மாசத்துல சரியாப் போச்சு."

"அவருதான் செத்துட்டாருல்ல?" இது இன்னொருவர்.

"அது வேறய்யா. அது பாம்பு கடிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பாதி. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை, தண்ணீர்தான் அவர்களுக்குக் கவலை. பத்து நாளில் முதல் முறையாகக் காற்று முகத்தில் பட்டது.

அப்போது ஒருவர் போனைத் தூக்கினார். வி.ஏ.ஓ.வுக்கு அனுப்ப, மூழ்கின பயிரை வீடியோ எடுக்கிறார். என்னை இல்லை. தெரியும். ஆனாலும் சட்டென்று தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன், கழுத்து வரைக்கும், தாமரைக் குவியலுக்குப் பின்னால். அவர் எடுத்து முடிக்கிற வரை.

அத்தான் பார்த்துவிட்டார். வாசலில் கால் கழுவும்போது, "மாப்ள, எத்தன நாளு இப்படி உக்காருவீங்க?"

சாயங்காலம் ஒரு சாண் தண்ணீர் இறங்கியிருந்தது.

நவம்பர் 10, திங்கள்

வெயில். பயிற்சி காலையில் மட்டும்.

பதினொரு மணிக்குக் குணா போன். என்னோடு ஆறு வருடம் ஒரே அறையில் தங்கியவன். முதல் வேஷம் நான் சொல்லிக் கிடைத்தது. இன்னும் சின்னச் சின்ன வேஷம்தான்.

"அண்ணே, அக்கா எப்படி இருக்காங்க?"

"பரவால்ல குணா."

"அண்ணே... ஒண்ணு கேக்கணும். உங்க கேரக்டருக்கு என்னய வரச் சொல்றாங்க. லுக் டெஸ்ட் எடுத்துட்டாங்க. இந்த நேரத்துல உங்ககிட்டப் போயி... நீங்க வேணாம்னா நான் போகலண்ணே. சத்தியமா."

போ என்றேனா, வேண்டாம் என்றேனா? இரண்டும் இல்லை. "அக்காவுக்கு ஊசி போட வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

அக்கா அப்போது முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்திருக்கும்.

ஒரு மணி நேரம் அறைக்குள் நடந்தேன். பிறகு குணாவைக் கூப்பிட்டேன், வீடியோவில். "பாத்துக்க" என்றேன். பார்த்தான். "எப்பண்ணே?" என்றான். சொன்னேன். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்பதையும். "அதச் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே வந்திருப்பேனே, உங்களப் பாக்க" என்றான். போய் நடி என்றேன். அழுதான், நான் வைத்துவிட்டேன்.

அதே சூட்டில் பிரபுவுக்கும். யோசித்தால் செய்ய மாட்டேன். முகத்தை நேராகக் காட்டினேன், வெளிச்சம் இடது பக்கம் விழ. வசனம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "பொய் சொல்லிட்டேன் பிரபு" என்றேன். அதில் 'பொய்' சரியாக வரவில்லை.

"சேனல்ல பேசிட்டுச் சொல்றேன் சார். ஒரு நாள் குடுங்க."

நவம்பர் 11, செவ்வாய்

போன் வரவில்லை.

கூத்தாநல்லூர். கன்னத்தில் லேசாக ஒரு துடிப்பு இருக்கிறது என்றார் நஸ்ரின். எனக்குத் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிகிறதாம்.

போன் வரவில்லை. சார்ஜ் 100. சிக்னல் நாலு கோடு. மாடியில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் நாலு.

உமா: "என்ன சொன்னாலும் சாப்பிட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்க." எதுவும் சொல்லவில்லையே உமா.

நவம்பர் 12, புதன்

காலை எட்டு மணி. பிரபுவே பேசினார், சேகரைப் பேச விடவில்லை. அதற்கு நன்றி.

"மண்டபம், நூத்தம்பது பேரு, எல்லாம் புக் ஆயிடுச்சு சார். கல்யாணத்தத் தள்ள முடியாது. கதையிலயே ஏதாவது மாத்தலாம்னு கேட்டுப் பாத்தேன். சேனல்ல ஒத்துக்கல. குணா சார்தான் பண்றாரு. இன்னிக்கு அவரோட சீன்."

சரி என்றேன்.

"கோவமா சார்?"

"பொய் சொன்னதுக்கு உங்களுக்குக் கோவம் இல்லியா?"

"உங்க அக்காவப் பாத்துப் பயந்துட்டேன் சார் அன்னிக்கு." கொஞ்சம் சிரித்தார். "நல்லா நடிச்சாங்க."

சாப்பிட்டேன். உமாவுக்கு போன் செய்தேன். அவள் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் படுத்தவன் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். இத்தனை நாளில் இப்படித் தூங்கவில்லை. எழுந்தவுடன் சட்டையைத் தேடினேன், ஷூட்டிங்குக்கு லேட் ஆகிவிட்டது போல. எந்த ஷூட்டிங்?

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். மாத்திரை இன்றிலிருந்து இரண்டு.

சிந்து போன். சீரியலில் என் மகள். இருபத்து மூன்று வயது, செட்டுக்கு வெளியிலும் 'அப்பா'தான். குணா விஷயம் சொல்லிவிட்டான் போல. முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்பா, நாளைக்கு என்னய வழியனுப்புற சீன். என்னோட க்ளோசப். குணா அங்கிள் நல்லாத்தான் பண்றாரு. ஆனா ரிகர்சல்ல எனக்கு அழுகையே வரலப்பா. கிளிசரின் போட்டா டைரக்டர் திட்டுறாரு."

"வரும்மா. நேரத்துக்கு வரும்."

"நீங்க வீடியோ கால்ல இருப்பீங்களா? கேமராவுக்குப் பக்கத்துல போன வச்சுக்கறேன். குணா அங்கிள் பேசற பக்கத்த இன்னிக்கே எடுத்து முடிச்சுட்டாங்க. எனக்கு நீங்க வசனம் சொன்னாப் போதும். பிரபு சார்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். முன்பே எனக்கு அனுப்பியிருந்த வசனம், 'ம'வும் 'ப'வும் நிறைந்தது. நூற்றைம்பது பேர் இருக்கிற மண்டபத்தில் அந்தப் போனில் என் முகம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அக்கா கேட்டாள்: "யாரு, அந்தப் பொண்ணா? என்னவாம்?" சொன்னேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சோறு போட்டாள்.

கண்ணாடி முன் வழியனுப்புகிற அந்த ஒரு வரி. ஐம்பது தடவைக்கு மேல். நன்றாக வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். இன்று சிக்னல் மாடியில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா பின்னால் குடை பிடித்துக்கொண்டு. சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கவசம் இல்லை.

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். திரையில் முதலில் மண்டபத்துக் கூரை, பிறகு யாரோ ஒருவர் கட்டைவிரல், பிறகு சிந்து. பட்டுப்புடவை, மாலை. என்னைப் பார்த்தாள். இத்தனை மோசமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கண் என் வாய்க்குப் போய், அவசரமாகத் திரும்பி, மறுபடி என் கண்ணுக்கு வந்தது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அக்காவின் கை தோளில் இருந்தது, அவ்வளவுதான்.

தூரத்தில் பிரபுவின் குரல். "சைலன்ஸ். சார், நீங்க ஆரம்பிங்க."

"போயிட்டு வாம்மா." 'போ' ஊதல் மாதிரி வந்தது. "நம்ம வீட்டுக் கதவ நான் சாத்தவே மாட்டேன்." எழுத்தாளர் மூன்று வருடத்தில் நாலாவது தடவையாக எழுதுகிற வசனம். கோணல்மாணலாகத்தான் சொன்னேன். குரல் மட்டும் என்னுடையது.

சிந்து உதட்டைக் கடித்தாள். பிறகு முகம் அப்படியே கரைந்துபோனது. 'போயிட்டு வரேம்பா' என்கிற அவள் வரி பாதியில் நின்றுவிட்டது. கதைக்காக அழுகிறாளா என்னைப் பார்த்தா, தெரியவில்லை. என் கண்ணிலும் தண்ணீர், இடது கண் எப்போதும் வடிவதுதான், வலது கண்ணிலும் இருந்தது.

கட்.

மண்டபத்து மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு பிரபு போனைக் கையில் எடுத்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"சார், சாரி. போகஸ் போயிடுச்சு. இன்னொரு தடவ சொல்றீங்களா?"

அக்காவிடம், முகத்தில் வெளிச்சம் விழ, குடையைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னேன்.