பதினாறாம் கட்டத்தில் அப்பாவின் வீடு

ஏப்ரல் 11, 1839

காலை முழுதும் சோப்புக் காய்ச்சினேன்; கை எரிகிறது. மெர்சிக்குப் பல் முளைக்கிறது, மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். மதியம் ஈனோஸ் வந்தார். நல்ல செய்தி: அவருக்கு அடுத்த நில அளவை வேலை எங்கள் ஆற்றங்கரைப் பகுதியில்தான். மாதக்கணக்கில் காட்டில் கிடக்கும் மனுஷன், இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடுவார்.

சொல்லி அனுப்பியதும் அப்பா ஒரு பன்றித்தொடையோடு வந்துவிட்டார். ஐந்து வருடமாக அந்த நிலத்தை உழுகிறார். கையில் ஒரு பத்திரம் கிடையாது. அரசாங்கம் அளந்து முடித்தால்தான் விலைக்கு வாங்க முடியும்.

"கோடு போடறதே நம்ம வீட்டு மாப்பிள்ளை! இனி எவன் வந்து கேப்பான்?" என்று ஈனோஸின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. ஈனோஸுக்கு இருமல் வந்துவிட்டது.

ஏப்ரல் 19

காற்று. துணி உலரவில்லை. ஈனோஸோடு நிலம் அளக்கும் சங்கிலிக்காரர்கள் ஓடையைத் தாண்டிவிட்டார்களாம்.

ஏப்ரல் 24

ஈனோஸ் வந்தார், தட்டில் கை வைக்கவில்லை.

"கெசியா, உங்கப்பா வீடு பதினாறாம் கட்டத்துல விழுது."

அளவைக்காரன் பெண்டாட்டிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாட்டைச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய சதுரத்திலும் முப்பத்தாறு கட்டம், பதினாறாவது பள்ளிக்கூடத்துக்கு. குடியேறியவனுக்குக் கிடையாது. வீடு, கிணறு, சோளக்கொல்லை, அம்மாவின் கல்லறை — எல்லாம் அதற்குள். எல்லையோ வீட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை.

"கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். நானா கேட்டேன்? நான்தான்.

"எனக்குத் தெரியும்."

"அப்போ அந்தக் கோட்டோடவே குடும்பம் நடத்துங்க!"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். குதிரை ஏற்கெனவே குடித்திருந்தது.

ஏப்ரல் 25

ஊரார் வாயால் தெரிய வேண்டாம் என்று ஈனோஸே அப்பாவிடம் போனார். நானும் மெர்சியோடு போனேன். அப்பா விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"ஏண்டா, பொண்ணு குடுத்த வீட்டையே அளந்து பிடுங்கறியா?"

"நான் பிடுங்கல, மாமா. கோடு விழற இடம் அதுதான்."

"இந்தக் காட்டை வெட்டினவன் நான்! இங்க முதல்ல வந்தவன் நான்!"

ஈனோஸ் மெல்லக் கேட்டார்: "முதல்லயா, மாமா?"

நாங்கள் வந்த வருடம், கரையில் சாக் செவ்விந்திய ஜனங்களின் குடிசைக் கழிகள் நட்டபடி நின்றன. அவர்களை மேற்கே விரட்டி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அந்தக் கழிகளைப் பிடுங்கித்தான் அப்பா பன்றிப்பட்டி அடைத்தார். நானும் தூக்கிக் கொடுத்தேன்.

"வெளிய போ," என்றார் அப்பா. எனக்கும் சேர்த்தா? கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

ஏப்ரல் 28

இன்று ஈனோஸ் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை நாளில் முதல் தடவை. அவரும் ஒஹாயோவில் நிலம் அளந்தவர். ஒரு சிநேகிதன் கேட்டான் என்று, ஓர் ஊற்று அவன் பக்கம் விழும்படி கோட்டை வளைத்துவிட்டார். கைக்கூலி எதுவும் இல்லை, வெறும் பிரியம். பின்னால் வறட்சி வந்தது. பக்கத்து நிலத்துக்காரனின் மாடுகள் செத்தன. இரண்டு வீட்டாரும் ஊற்றங்கரையில் கோடாரியோடு மோதினார்கள். பக்கத்து நிலத்துக்காரன் செத்தான்.

"அப்பா சாவுக்குப் போனாரு. அந்த விதவை, 'அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்களே'ன்னு அவர் கையைப் பிடிச்சு நன்றி சொன்னா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் அப்பா சங்கிலியைத் தொடவே இல்ல."

என் கோபம் போகவில்லை. ஆனால் அது யார் மேல் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மே 3

எல்லைமூலையில் நட்ட கம்பத்தை அப்பா பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார். ஈனோஸ் போய் அதே இடத்தில் வேறு கம்பம் நட்டார். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மே 30

அப்பா வீட்டுப் புகை இங்கிருந்து தெரிகிறது. போகவில்லை. மெர்சி நடக்கத் தொடங்கிவிட்டாள். அவருக்குத் தெரியாது.

ஜூலை 16

வண்டிச் சத்தம் கேட்டு ஓடினேன். அப்பாவின் எருதுகள். வைக்கோல் மேல் ஈனோஸ், பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டு. சதுப்பிலேயே கிடந்து முறைக்காய்ச்சல். சங்கிலிக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போன வீடு அப்பாவுடையது. அந்தப் பக்கம் வேறு வீடு ஏது?

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே," என்றார் அப்பா. "என் பொண்ணு விதவையாக் கறுப்பு உடுத்தறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல, அவ்வளவுதான். என்ன முழிக்கிறே? அவன் காலைப் பிடி, உள்ள தூக்கலாம்."

ஜூலை 18

காய்ச்சல் இறங்கவில்லை. கொய்னா மருந்தைத் துப்புகிறார். அப்பா மூக்கைப் பிடித்து ஊற்றினார். பிதற்றல் முழுக்க வடக்கு, மேற்கு, சங்கிலி, மரம்.

"பாரு, சாகக் கிடக்கறான், அப்பவும் கோணலா ஒரு வார்த்தை வரல," என்றார் அப்பா.

திட்டுகிறாரா, மெச்சுகிறாரா? தெரியவில்லை. மெர்சி தத்தித் தத்தி வந்து அப்பாவின் முழங்காலைப் பிடித்தாள். "எப்பலேருந்து நடக்கறா?" என்றார். சொன்னேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் நெடுநேரம் வரவில்லை.

ஆண்டவரே, ஈனோஸை எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க. கோட்டோட குடும்பம் நடத்துங்கன்னு அன்னிக்கு நான் சொன்னது கோபத்துல சொன்னது.

ஜூலை 23

வியர்த்துவிட்டது. கஞ்சி கேட்டார்.

செப்டம்பர் 30

அப்பா வந்து, உட்காராமலே சொன்னார்: கிழக்கே பதினைந்தாம் கட்டம் காலியாக இருக்கிறது, அதைப் பிடிக்கப் போகிறார். வீட்டை மரம் மரமாகக் கழற்றி அங்கே கொண்டுபோய்க் கட்டுவார்.

"கிணறு?" என்றேன்.

"தோண்டத் தெரியாதவனா நான்?"

"அம்மா?"

அடுப்பில் ஒரு விறகை உள்ளே தள்ளினார். "அவ அங்கயே இருக்கட்டும். நம்ம வீட்டுல என்னிக்குமே சத்தம் பத்தலன்னு சொல்லுவா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கத்திப் படிக்கட்டும், கேட்டுக்கிட்டு இருப்பா."

அக்டோபர் 12

வெயில், ஆனால் குளிர். எருதுகள் கழற்றிய மரங்களில் முதல் பாரத்தைப் புது இடத்துக்கு இழுத்து வந்துவிட்டன. ஈனோஸ் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, உன் கோடு எது, சரியாக் காட்டிடு. ரெண்டு தடவை சுவர் எழுப்ப எனக்கு வயசில்ல."

சங்கிலியின் மறுமுனைக்கு ஆள் இல்லை. அப்பா உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தானே பிடித்தார். ஈனோஸ் திசைகாட்டி ஊசியைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஓரடி கிழக்கே, மாமா."

அப்பா நகர்ந்து நின்றார்.