பச்சை காட்டிய உப்புத் தண்ணீர்

என் அருமை மல்லிகாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன் அண்ணனுக்கு இரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன.

டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "உப்பைக் குறைங்கம்மான்னு எத்தனை தடவை சொல்றது? இப்படியே போனா கிட்னி தாங்காது." குறைப்பதென்ன, உப்பு டப்பாவையே பரணில் ஏற்றிவிட்டேன். அப்படியும் உன் அண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "லேசா கரிக்குதே" என்றார். உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று கத்தினேன். பருப்பு வேகாமல் நின்றபோதும் மளிகைக் கடைக்காரரைத்தான் திட்டினேன். குடிக்கக் கேன் தண்ணீர், சமையலுக்கு மட்டும்தானே குழாய்? தண்ணீர்மேல் சந்தேகமே வரவில்லை.

போன வாரம்தான் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன். கரிப்பு தொண்டை வரை இறங்கியது. விடுவிடுவென்று கீழே போனேன். உப்பளங்கள் இருக்கும் கேளம்பாக்கம் பக்கத்துக் கிணற்றிலிருந்து வந்த லாரி நின்றுகொண்டிருந்தது. முன்பு ஒரு லாரித் தண்ணீரில் குளித்து நம் குடியிருப்புக் குழந்தைகளுக்குத் தோல் எரிந்தபோது, நீ வேலை பார்த்த பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்தாயே, அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டி, இரண்டும் இல்லையென்றால் பச்சையாகும் பி.ஹெச். காகிதம், அதைத்தான் வாட்ச்மேன் நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சை வந்துக்கீதும்மா. ஏழு. மல்லிகாம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே பாத்துகினு கீறேன்" என்று சொல்லி வால்வைத் திறந்தார். முகத்தில் எவ்வளவு பெருமை! அவரை என்ன சொல்ல?

சங்கச் செயலாளரைப் போய்ப் பிடித்தேன். சிரிக்கிறார் மனிதர். "மேடம், இது உங்க நாத்தனார் வெச்ச டெஸ்ட். அதுல பாஸ் ஆயிருக்கு. அப்புறம் என்ன ப்ராப்ளம்?"

உன் பேரைச் சொல்லியே என் வாயை அடைக்கப் பார்க்கிறார் மல்லிகா! விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான்கு டம்ளர் கேன் தண்ணீரோடு போனேன். எலுமிச்சை பிழிந்ததில் காகிதம் சிவந்தது. சலவை சோடா கரைத்ததில் நீலம். படிகாரம் கரைத்ததில் ஆரஞ்சு. சோடாவும் படிகாரமும்கூட உப்பு வகைதான், ஆனால் அவை காகிதத்தில் மாட்டிக்கொள்ளும், சமையல் உப்பு மாட்டாது என்று நீ எப்போதோ சொன்னது அரைகுறையாக நினைவிருந்தது. கடைசி டம்ளரில் இரண்டு ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினேன். பச்சை. அதே ஏழு.

"பாஸ் சார். குடிங்க" என்று நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கமிட்டியில பேசி அடுத்த மாசம் பாக்கலாம் மேடம்."

அடுத்த மாதமாம்! அதுவரை அவர் வீட்டுச் சமையலை அந்த டம்ளர் தண்ணீரில் செய்யட்டும் என்று மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

உன்மேலும்தான் கோபம். காகிதத்தை நனைத்த கையோடு ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்புவாயே, உப்புக்கு அதுதான் சோதனை என்று யாரிடமும் ஏன் சொல்லவில்லை? நீ இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பினாய். அதுவும் காகிதத்தின் வேலை என்றே நாங்கள் நினைத்தோம்.

சொல்ல வாயெடுத்திருப்பாயோ? "கண்ட தண்ணியையும் வாயில வைக்கிறியே, அசிங்கம்" என்று அத்தனை பேர் எதிரில் உன்னைப் பார்த்துக் கத்தியவள் நான்தான். அதற்கப்புறம் யாரும் பார்க்காதபோதுதான் நாக்கில் வைத்தாய். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நாளைக் காலை லாரி வரும். வால்வுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். கரித்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. செயலாளர் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

நேற்று உன் அண்ணன் உன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மல்லிகா கூப்புடுறா போல இருக்கு" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். கூப்பிடாதே. அவரை நான் அனுப்ப மாட்டேன்.

கோபம் தீராத
உன் அண்ணி