முதல் பரீட்சையில் அப்பா வேண்டுமென்றே தோற்றார்

மே 9

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து இத்தோடு மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக க்ளப்பில் யாரிடமும். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் ஜெனீவா, எட்டாம் வகுப்பு. அப்பா ரோலண்ட், பிரிஸ்பேனுக்கு வடக்கே மக்காய் என்ற கரும்பு ஊரின் அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிற அமெரிக்கர். அம்மா இறந்த பிறகு அப்பா ஆடப்போன ஊருக்கெல்லாம் நானும் போயிருக்கிறேன். பின்லாந்து, சைப்ரஸ், உருகுவே. இங்கே இரண்டாவது வருடம். ஒரு அணியில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர்தான் இருக்கலாம். ஒருவர் சரியில்லை என்றால் அடுத்த விமானத்தில் வேறொருவர் வந்துவிடுவார். வீடு க்ளப்புடையது, கார் க்ளப்புடையது, விசாவும் க்ளப் வாங்கித் தந்தது. அப்பாவுக்கு முப்பத்தாறு வயது. யாராவது கேட்டால் முப்பத்துநாலு என்று சொல்ல வேண்டும்.

இன்று ஆட்டக்காரர்களுக்கு மூளைப் பரீட்சை. கம்ப்யூட்டரில் வார்த்தைகள் வரும், படங்கள் வரும். ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். மார்க் குறைந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"எப்படிப் போட்டீங்க?"

"படுமோசமா. வேணும்னேதான். நான் மக்குன்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு அடிபட்டு மக்கானா எவன் கண்டுபிடிப்பான்?"

நானும் சிரித்தேன். பழைய ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்களாம்.

மே 31

ஜெயித்தோம். அப்பா 27 புள்ளி. கான்டீன் டோரீன் எனக்கு இரண்டு சாசேஜ் ரோல் சும்மாவே கொடுத்தார்.

ஜூன் 14

ஆட்டத்தின் மூன்றாவது காற்பகுதி. திரும்பி வந்த பந்துக்காக அப்பா குதித்தார். யாரோ ஒருவருடைய முழங்கை அவர் நெற்றிப்பொட்டில் பட்டது. சத்தம் எனக்கு மேல்வரிசையிலேயே கேட்டது. அப்பா எழுந்து கட்டைவிரலைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கட்டைவிரலை எதிரணிப் பக்கம் பார்த்துக் காட்டினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 16

அணியின் காயங்களைக் கவனிக்கிற பிசியோ ப்ரான்வின் மறுபடி பரீட்சை வைத்தார். மே மாத மார்க்கும் இன்றைய மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாஸ்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தார். "இந்த ஊர் மீன் ஒத்துக்கல" என்றார். நாங்கள் மீன் சாப்பிடவே இல்லை. ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டார். அறுவடைக்கு முன் கரும்பு வயலைக் கொளுத்தும் சாம்பல் உள்ளே வருகிறதாம். இன்று யாரும் வயலைக் கொளுத்தவில்லை.

ஜூன் 24

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பயிற்சிக்குப் போகும் வழியில் அப்பா காரைச் சாலையின் வலது பக்கம் கொண்டுபோனார். அமெரிக்காவில் ஓட்டுவதுபோல. இங்கே ஒன்றரை வருடமாக இடது பக்கம்தான் ஓட்டுகிறார். நான் கத்தினேன். அவர் ஏன் கத்துகிறாய் என்று என்னைப் பார்த்தார் — சாலையைப் பார்க்கவில்லை. கரும்பு ரயில் ஊதியது. தண்டவாளத்துக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றோம். பெட்டி பெட்டியாகக் கரும்பு போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போன பிறகு அப்பா சொன்னார்:

"யார்கிட்டயும் சொல்லாத, நீவா."

"சரிப்பா."

"சத்தியமா?"

சத்தியம் செய்தேன். எதுக்குச் செஞ்சேன்? தெரியல.

ஜூலை 3

கோச் தன் ஆட்டத் திட்டங்களுக்குப் பழப் பெயர்கள் வைத்திருக்கிறார். காலையில் சாப்பிடும்போது நான் அப்பாவைக் கேள்வி கேட்கிறேன்.

"மாம்பழம்னா?"

"நான் மூலைக்கு ஓடணும்."

"அது பப்பாளிப்பா. மாம்பழம்னா நீங்க வழி மறிச்சு நிக்கணும்."

"பழக்கடை வச்சிருக்கானா, ஆட்டம் சொல்லித் தர்றானா இந்தாளு!"

சிரிக்கிறார். சிரிப்பு முடிந்ததும் கரண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இப்போது ஆட்டம் நடக்கும்போது நான் பெஞ்சுக்குப் பின்னால்தான் உட்காருகிறேன். கோச் பழப் பெயரைக் கத்தியதும் அப்பா என்னைப் பார்ப்பார்; மூலைக்கு ஓட வேண்டுமென்றால் காதைத் தொடுவேன். மறிக்க வேண்டுமென்றால் மூக்கைத் தொடுவேன். பக்கத்தில் இருந்த பெண், "உனக்கு ஜலதோஷமா?" என்று கேட்டாள்.

நான் உதவி செய்கிறேனா? வேறு ஏதாவது செய்கிறேனா?

ஜூலை 12

க்ளப் மேலாளர் வின்ஸ் கிரெக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அப்பாவை விட உயரம். சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறானாம். ஜூலை மாதத்தில், மக்காய்க்கு, ஏழடி ஆள், ஊர் சுற்றிப் பார்க்க!

அப்பா காலணியைக் கட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்திருக்கான். நல்லாக் குட்டையாக் காட்டுவோம், பெட்டி பத்தாமப் போகட்டும்."

19 புள்ளி எடுத்தார். வீட்டில் விளக்கைப் போடவே விடவில்லை.

ஜூலை 20

அமெரிக்காவில் டொலீடோவிலிருந்து லொரேன் அத்தை போனில் பேசினார்.

"அவன் எப்படியிருக்கான்?"

"நல்லாயிருக்காரு அத்தை."

"நீ எப்படியிருக்க?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 28

சொல்லிவிட்டேன்.

பள்ளி நூலகத்தில் படித்தேன். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி பட்டால் ஆள் பிழைப்பதே அரிதாம். சனிக்கிழமை அரையிறுதி. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். பிறகு நேராக அரங்கத்துக்கு நடந்தேன்.

ப்ரான்வின் கணுக்காலில் கட்டுகிற நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்ன ஜெனீவா, உங்கப்பாவுக்கு ஐஸ் பையா?"

"மே மாசப் பரீட்சை பொய். வேணும்னே தப்பாப் போட்டாரு."

நாடாவைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "வேற ஏதாவது இருக்கா? சொல்லு."

வாந்தி. கார். ரயில். பழங்கள். எல்லாம் சொல்ல வேண்டியவைதான். ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. தலையை ஆட்டினேன் — இல்லை என்று.

"இதை நான் மேல சொல்லியே ஆகணும். உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

அப்பா சனிக்கிழமை ஆட மாட்டார். அது போதும். அது மட்டும் போதும்.

ஜூலை 30

போதவில்லை.

வின்ஸ் வந்திருந்தார். கூட டோரீனும் வந்தார் — அவர் வின்ஸின் மனைவி. அடுப்பில் சுட்ட மாக்கரோனியைத் தட்டோடு கொண்டுவந்திருந்தார். யாரும் சாப்பிடவில்லை. வின்ஸ் ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்தார்.

"அடிபட்டா சீசன் முடியிறவரைக்கும் வீடு, சம்பளம், வைத்தியம் எல்லாம் எங்க பொறுப்பு. அது மூணாம் பக்கம். பரீட்சையில பொய் சொல்லியிருந்தா ஒப்பந்தமே செல்லாது. இது அஞ்சாம் பக்கம். எனக்கு இது புடிக்கல, ரோலண்ட். கமிட்டி கேக்க மாட்டேங்குது."

அப்பா ஐந்தாம் பக்கத்தையே பார்த்தார். "இது என் கையெழுத்துதானா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். "அவருக்கு அடிபட்டுதான் இருக்கு! வாந்தி எடுக்கிறாரு! கார ரயில்ல விடப் பாத்தாரு! நெஜமா!"

வின்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இது முதல்ல வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன், கண்ணு. இப்ப, தப்பிக்கிறதுக்காகச் சொல்றீங்கன்னுதான் சொல்லுவாங்க."

அன்றைக்கு வாயைத் திறந்து அந்த நாலு விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தால் மூன்றாம் பக்கம் எங்களைக் காப்பாற்றியிருக்கும். நான் ஐந்தாம் பக்கத்தைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2

ஏழடிக்காரன் ஆடினான். தோற்றோம். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஆகஸ்ட் 4

ப்ரான்வின் தன் சொந்தக் காரிலேயே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். படம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. ஆனால் இனி ஆடவே கூடாது, எந்த ஊரிலும். "இன்னொரு தடவை பட்டிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பகலில் ஒரு ஆள் வந்து க்ளப் காரின் கதவில் ஒட்டியிருந்த அப்பாவின் படத்தைச் சூடுகாட்டி உரித்தான். வியாழக்கிழமை விமானம். டொலீடோவில் அத்தை வீட்டுக் கூடத்தில் எனக்கு சோபா, அப்பாவுக்குத் தரை.

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அப்பா ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார். பிறகு சொன்னார்:

"நான்தான் எங்கயோ உளறியிருக்கேன், நீவா. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். யார்கிட்ட சொன்னேன்னு ஞாபகம் வரல. உன் பள்ளிக்கூடம், எல்லாம் என் வாயால போச்சு. மன்னிச்சிரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லப்பா" என்றேன். மன்னிச்சுட்டேன்! நான், அவரை!

இன்னும் அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். தன் தலைக்குள்ளேயே, இல்லாத ஒன்றை. இருக்கிற கொஞ்ச ஞாபகத்தையும் அதற்கே செலவழிக்கிறார். கூடத்தில் நடக்கிற சத்தம் கேட்கிறது. போகிறார், வருகிறார்.

நாளைக்கு இப்படிச் சொல்லப் போகிறேன்: அப்பா, நீங்க யார்கிட்டயும் உளறல. நான்தான் சொன்னேன். நீங்க செத்துருவீங்கன்னு பயந்து சொன்னேன். சரியாச் சொல்லத் தெரியல. தேடாதீங்க. நாளைக்குக் காலை, பெட்டி கட்டுவதற்கு முன்னால், கண்டிப்பா

அப்பா கதவைத் தட்டுகிறார். "நீவா? தூங்கலையா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அந்த பிரிஸ்பேன் ஆட்டத்துக்கு அப்புறம் பஸ்ல நான் யார் பக்கத்துல —"

உள்ள வாங்கப்பா, தெறந்துதான் இருக்