அப்பாவைத் தூக்கி இருத்திய வெள்ளைக்காரப் பிள்ளை

அச்சுவேலி

அன்பு மகள் தனுசியாவுக்கு,

இங்கே நான் சுகம், அப்பா என்னைவிடச் சுகம். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிக்கலாம். நீயும் மருமகனும் வயிற்றுப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டபடியே இருக்கிறேன். தேரன்று அப்பா மணலில் கிடக்க ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அவரைத் தூக்கி இருத்துகிற வீடியோவைப் பார்த்துவிட்டு நீ போனில் அழுத அழுகையில், நான் சொன்ன ஒன்றும் உன் காதில் ஏறவில்லை. அதுதான் ஒஸ்லோவுக்குத் திரும்பும் மயூரதனிடம் மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன முறை உனக்குப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அப்பா ஒரு நேர்த்தி வைத்திருந்தார். இந்த முறை எல்லாம் நல்லபடி நடக்க, தேருக்குப் பின்னால் கோயில் வெளிவீதி முழுக்க உருண்டு பிரதட்டை செய்வதாக. இந்த வயதில் உருள்வதா, ஒரு அர்ச்சனை போதாதா என்று கேட்டேன். உன் அப்பா எப்போது என் சொல் கேட்டார்? ஈர வேட்டியோடு, தலைக்கு மேலே நீட்டிய கைகளில் தேங்காயைப் பிடித்தபடி தொடங்கிவிட்டார். தண்ணீர் ஊற்றவும் உருளும்போது கோணினால் நேராக்கிவிடவும் உன் மச்சான் நிருஷன் பக்கத்தில் நின்றான். வடக்கு வீதியில் மூச்சு வாங்கியது, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கிடந்தார், நிருஷன் தண்ணீருக்குப் போனான். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை கோயில் பார்க்கச் சைக்கிளில் வந்தாள். வயதான மனிதர் சுடுமணலில் கிடக்கிறார், சனம் அவரைக் கும்பிட்டுவிட்டு விலகிப் போகிறது, அவளுக்கு என்ன தெரியும்? சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தேங்காயைப் பிடுங்கி அங்கால் உருட்டிவிட்டு, அப்பாவைத் தூக்கி இருத்தி நாடி பிடிக்கிறாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, நிருஷன் என்று நினைத்து, விடடா, எனக்கு ஒண்டுமில்லை, நேராக்கிவிடு என்கிறார். அவளோ எங்களைப் பார்த்துக் கத்துகிறாள். இத்தனை பேர் நிற்கிறீர்கள், ஒருவருக்குமே இரக்கமில்லையா என்று கேட்கிறாளாம், ஆங்கில ரீச்சர் உதயகலா சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. உதயகலா நேர்த்தியை விளங்கப்படுத்தியதும் முகமெல்லாம் சிவந்துவிட்டது பாவத்துக்கு. ஒல்லாந்துக்காரியாம், ஆஸ்பத்திரியில் நேர்ஸாம். அந்தக் காலம் யாழ்ப்பாணக் கோட்டை பிடிச்ச ஆக்கள் இப்ப எங்கடை நேர்த்தியையும் பிடிச்சிட்டினம் என்று மார்க்கண்டு அண்ணை சொல்ல வீதியே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான்.

சிரித்த வாயாலேயே மார்க்கண்டு அண்ணை, தேங்காய் கைவிட்டுப் போச்சு, பஞ்சலிங்கம் முதலிலையிருந்து உருளவேணும், இல்லாட்டி நேர்த்தி குறை என்றும் சொல்லிவிட்டார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. முதலிலிருந்து உருள உடம்பில் பலமில்லை. யாருக்காக இந்த நேர்த்தி என்று அந்தப் பிள்ளை கேட்டாள். தூரத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற மகளுக்கு என்றாள் உதயகலா. உடனே அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்த் தேங்காயை எடுத்து, மண்ணைத் துடைத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினாள். மிச்ச வீதி முழுக்க நிருஷனை விலக்கிவிட்டு அவள்தான் நேராக்கிவிட்டாள். நாலு உருளலுக்கு ஒருக்கால் நிறுத்தி நாடி வேறு பார்த்தாள், பின்னால் உருண்டு வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். இடையிலை முறிஞ்ச நேர்த்தியப்பா, பிள்ளைக்கு ஏதும் என்று தொடங்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை மகள், எனக்கு விசா இல்லை என்றதிலிருந்து உன் பேற்றுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நானும் வெந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. அதையே அப்பாவிடமும் சொன்னேன். இஞ்சாருங்கோ, பாசை தெரியாத ஒருத்தி, ஆரெண்டு தெரியாத மனுசன் விழுந்து கிடக்கிறதைக் கண்டு ஓடிவந்து தூக்கினவள், பிள்ளையின்ரை ஆஸ்பத்திரியிலையும் உப்பிடி ஒருத்தி நிப்பாள், பிள்ளையார் ஆளையே கொண்டுவந்து காட்டிப்போட்டார், பிறகென்ன குறை என்று. அப்பா ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, ஓம், நல்ல பலமான கைதான் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

ஆகவே பேற்று நோ தொடங்கினால் வெட்கப்படாமல் பக்கத்தில் நிற்கிற நேர்ஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள். அம்மா என்று கத்து, எந்தப் பாசைக்காரிக்கும் அது விளங்கும். மிளகாய்த்தூளைப் போத்தலில் இறுக்கி மூடி வை. தாயும் பிள்ளையுமாக நீ வீடு வந்து சேர எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, உன் பேற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த நேர்ஸின் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு அனுப்பு. திகதி இருந்தால் நட்சத்திரத்தை அப்பா பார்த்துக்கொள்வார், அவள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்ய நேர்ந்திருக்கிறார். உருளுவதற்கு இல்லை, நான் விடவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
குணலட்சுமி