மஞ்சள் கட்டத்துக்குள் ஆள்காட்டி

ஏப்ரல் 6, திங்கள்

விடியும்போதே புழுக்கம். இந்த மாதம் முழுக்க முதல் ஷிப்ட். குளியலறையைச் செல்வி பிடித்துக்கொண்டாள். முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினேன். ஒரே அறையில் ஒரு வருடம் இருந்தும் அவளை முந்தத் தெரியவில்லை.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடை வழிதான் குறுக்கு. மெயின் ரோடு என்றால் லாரிகளுக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஓடை காப்புக்காட்டைச் சேர்ந்தது. வனத்துறை போர்டு உண்டு. ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இதைப் பள்ளத்தாக்கு என்றால் ஊரில் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு, நடுவில் ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கிச் செம்பரம்பாக்கம் வரை போகுமாம். இப்போது கூழாங்கற்கள், அங்கங்கே குட்டை. சாத்தூர்க் கரிசலில் வளர்ந்தவளுக்கு இதுவே அதிகம்.

இன்று பார்த்தவை:
மீன்கொத்தி, போன வாரம் இருந்த அதே கிளையில்.
சம்புப் புல்லுக்குள் நாமக்கோழி.
புள்ளிமானின் குளம்புத் தடம், ஈரச் சேற்றில்.
சூரைப் புதருக்குள் நுழைந்த வால். கீரியாகத்தான் இருக்கும்.

பிறகு ஆள்காட்டிக் குருவி. தலைக்கு மேலேயே வட்டமடித்துக் கத்தல்.

"ஏட்டி, அது பிள்ளையக் கிள்ளிட்டு வந்தியா? இந்தக் கத்து கத்துது" என்றாள் செல்வி. அவள் ஷூவுக்குப் பக்கத்தில் பார்த்தேன். நான்கு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை. கூழாங்கல்லின் நிறத்தில், பாதையின் நட்டநடுவில்.

மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் நடக்கும் பாதை. ஒரு சேஃப்டி ஷூ போதும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கம்பெனி லைனில் மனம் நிற்கவில்லை. ஒரே பீஸை இரண்டு முறை அளந்தேன்.

வழி தோன்றியது அங்கேதான். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை மிதிக்கக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அது காலில் ஏறிவிட்டது. எனக்குக் குன்றத்தூர்க் கோயிலில் மஞ்சள் கோட்டைப் பார்த்தாலும் கால் நிற்கும்.

வீட்டுக்கார அக்காவிடம் மஞ்சள் பேக்கிங் பட்டை கேட்டேன். அட்டைப்பெட்டி கட்டி வருவது. அவர் அதில் கட்டில் பின்னுகிறார். "இன்னாத்துக்கு?" என்றார். முட்டைக்கு என்றேன். மேற்கொண்டு கேட்காமல் கொடுத்தார்.

முட்டைகளைச் சுற்றிப் பெரிய கட்டமாகப் பட்டையை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன். முடிக்கும்வரை பறவையின் வசவு.

செல்வி: "முட்டைக்கு பிளாட் போட்டாச்சு. பட்டாவும் வாங்கிக் குடுத்துரு."

ஏப்ரல் 8, புதன்

வேலை செய்கிறது! பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் கட்டத்தைச் சுற்றி வளைந்து போகிறார்கள். உள்ளே என்ன என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. போனைப் பார்த்தபடியே வளைகிறார்கள்.

ஷாம்பு வாங்க வேண்டும். அம்மாவுக்குப் போன்.

ஏப்ரல் 9, வியாழன்

கட்டத்துக்குள் ஒரு பைக்.

எழுத இப்போதும் கை கூசுகிறது. மஞ்சள் கோடு என்றால் மிதிக்காதே. மஞ்சள் கட்டம் என்றால் வண்டியை இங்கே நிறுத்து. டிராலி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் அதற்குள்தானே நிற்கின்றன! தினமும் பார்ப்பவள் நான்.

குனிந்து பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நான்கு முட்டையும் முழுசாக. ஆள்காட்டி தூரத்தில் நின்று அலறல். ஹேண்டில் பூட்டியிருந்தது. பஸ் ஹாரன். ஏறிவிட்டேன்.

திரும்பி ஓட்டமாக வந்தால், பறவை பைக்குக்கு அடியில், முட்டை மேல். நேற்று இந்த நேரத்துக்கு வெயிலில் வாயைப் பிளந்து கிடந்தது. குட்டையில் வயிற்றை நனைத்து வந்து வந்து முட்டையைக் குளிர வைத்தது. இன்று வண்டியின் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

வண்டிக்காரருக்காகக் காத்திருந்தோம். செல்வி எனக்காகத் திட்டிக்கொண்டே பப்ஸ் வாங்கி வந்தாள்.

பொழுது சாயும்போது வந்தார். பேர் பாண்டி, பரமக்குடிக்காரர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ உதிரிபாகம் செய்யும் கம்பெனி.

"மஞ்சக் கட்டம் போட்டுருந்துச்சுங்க. நமக்கு பார்க்கிங் ஒதுக்கிட்டாய்ங்கன்னு நெனச்சேன்."

"காட்டுக்குள்ளயா?" செல்வி.

"ஒரகடத்துல எது காடு, எது கம்பெனின்னு யாருக்குங்க தெரியுது?"

"அது கத்தினது காதுல விழலயா?"

"ஹெல்மெட்டுக்குள்ள பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு."

குனிந்தார். பறவை அசையவில்லை. சாவியைப் போட்டவர் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"எடுத்தா எந்திரிச்சிரும்ல?"

எழுந்திருக்கும், திரும்பியும் வரலாம், ஆனால் வெயில் என்றேன். விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. யார் கேட்பார்கள் அப்படி?

"கெடக்கட்டும். அது பொரிக்கிற வரைக்கும் ரூம்மேட் வண்டியில தொத்திக்கிறேன். அவன் ஓட்டுற அழகுக்கு நீங்க எனக்கும் சேத்து சாமி கும்புடுங்க."

முன்பின் தெரியாத மனிதர். நன்றி சொன்னேனா? நினைவில்லை. செல்வி கையில் இருந்த பப்ஸை அவரிடம் நீட்டினாள். அது போதும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

துணி துவைத்தல். தலைக்குக் குளியல். பிறகு ஓடை.

வனக்காவலர் தேவராஜ் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, யார் வண்டி இது? ரிசர்வ்ல வுட்டுகினு போயிருக்கான். போர்டு கண்ணுக்குத் தெரில?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹேண்டிலில் கை வைத்து இழுத்தார். அடியிலிருந்து ஒரு கத்தல். துள்ளிப் பின்வாங்கி, பிறகு குனிந்து பார்த்தார்.

"அடச்சே. ஆக்காட்டி."

முழுக் கதையும் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"ரேஞ்சர் பாத்தா யார் வண்டின்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

"என்ன சொல்வீங்க?"

"ஆக்காட்டி வண்டி சார், அட்ரஸ் இதான்னு சொல்றேன். போ."

காய்ந்த கிளைகளை இழுத்து வந்து வண்டி மேல் சாத்தினார். போகும்போது திரும்பி, "குஞ்சு பொரிச்சதும் அந்தப் பட்டைய எட்த்துடு. மான் மென்னுச்சுன்னா வயிறு அடைச்சு செத்துடும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை. நல்லவேளை, சொன்னார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு, லீவு. வீட்டுக்கார அக்கா மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பினார். வேப்பம்பூ தூக்கல்.

பாண்டி தன் வண்டியைப் பார்க்க வந்து தள்ளிப் பாறையில் உட்கார்ந்திருந்தார். "அம்மா போன்ல கேக்குது, வண்டி எங்கடான்னு. குடும்பம் ஒண்ணுக்கு வாடகைக்கு விட்டுருக்கேன்னேன்."

சாயங்காலம் மேகம். ஓடையில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம். நான்கு தூறலோடு நின்றது. வானத்துக்கும் நன்றி.

ஏப்ரல் 17, வெள்ளி

பொரித்துவிட்டது!

மூன்று. நான்காவது முட்டை அப்படியே கிடக்கிறது. தாய் ஒரு குரல் கொடுத்தால் மூன்றும் கல்லாகிவிடுகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தும் காணவில்லை. மறு குரலுக்குக் கல்லுக்குக் கால் முளைத்து ஓடுகிறது. நான் திரும்பி வருவதற்குள் குட்டைக்கரைக்குப் போய்விட்டிருந்தன.

பாண்டி வந்து கிளைகளை விலக்கினார். சீட் முழுக்க மைனா எச்சம். உதைத்து உதைத்து, செல்வி சிரித்துச் சிரித்து, கடைசியில் ஸ்டார்ட் ஆனது. இந்த முறை நன்றியை வாய்விட்டுச் சொன்னேன். "அட, பெட்ரோல் மிச்சங்க" என்றார்.

ஏப்ரல் 18, சனி

பட்டையைச் சுருட்டி எடுத்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். கற்களையும் கலைத்துப் போட்டேன். நான்காவது முட்டையைக் காணோம், கீரியாகத்தான் இருக்கும். இனி அங்கே ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலேயே வெயில். குட்டைக்கரையில் தாயும் குஞ்சுகளும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பாதையில் எனக்கு முன்னால் செல்வி, யாரோடோ போனில் சண்டை. அவளுக்கு முன்னால் இரண்டு பையன்கள், பெயர் தெரியாதவர்கள். கட்டம் இருந்த இடம் வந்ததும் பையன்கள் வளைந்தார்கள். செல்வி பேச்சை நிறுத்தாமலே வளைந்தாள்.

நானும்.