கடைவாயில் குடியிருப்பது யார்?

ஜூன் 4

இடது கடைவாயில் மறுபடியும் வலி. மேலா கீழா என்றே பிடிபடவில்லை. காலையில் மேலே இருந்தது, இப்போது கீழே. வலி என்ன, வாடகை வீடு மாற்றுகிறதா?

கிராம்பு வை, உப்புத் தண்ணீர் கொப்பளி என்று வைத்தியம் சொல்வது சின்னவர். இவருடைய தம்பி, என் கொழுந்தனார். வேலை மாறும் இடைவெளியில் ரெண்டு நாள் தங்கிப்போக வந்தவர். வந்தபோது மார்கழி, கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கினார். இப்போது மின்விசிறிக்கு நேர் கீழே தூங்குகிறார்.

ஜூன் 6

அச்சகத்துக்குப் பக்கத்துப் பல் மருத்துவரிடம் போனேன். படம் எடுத்தார், தட்டினார், குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினார். சொத்தை இல்லை. "எதுக்கும் கடைசிப் பல்லை எடுத்துப் பாத்துடுவோமா?"

எதுக்குமா! நான் பிழை திருத்துகிறவள். பிழை எதுவென்று தெரியாமல் முழு வரியையும் அடித்தால் அச்சகத்தில் என்னை வைத்திருப்பார்களா? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சின்னவர்: "பிடுங்கிப் போடுங்க அண்ணி. இருந்தாத்தானே வலிக்கும்?"

இவர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே: "அவன் சொல்றதும் சரிதான்."

பயமாக இருக்கிறது. நல்ல பல்லாக இருந்து தொலைத்தால்? போனது திரும்பி வருமா?

ஜூன் 7

யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

ஜூன் 10

வேறொரு டாக்டரம்மா. பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தை அழுத்தினார். உயிர் போயிற்று.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. தாடைதான் களைச்சுப் போயிருக்கு. நீங்க நாள் பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்க."

நானா?

"எப்பெப்பக் கடிக்கிறீங்கன்னு முதல்ல கவனிங்க. வைத்தியம் அப்புறம். சும்மா இருக்கும்போது உதடு சேரலாம், பல்லு சேரக் கூடாது."

வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரித்தார். "தம்பி இருக்குற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோன்னேன். அதுக்காக நெசமாவேவா கடிப்பே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11

கவனித்தேன். அச்சகத்தில் ஒரு தடவைகூட இல்லை. வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் சின்னவரின் ஈரத் துண்டைப் பார்த்ததும் — கடித்தேன். அவர் குளியலறைக்குள் போய்ப் பாட ஆரம்பித்ததும் — கடித்தேன். அப்புறம் என் மேசையில் திருத்தித் தயாராக வைத்திருந்த தாள்கள். என் திருத்தத்தின் மேலேயே திருத்தம், அதுவும் பேனாவால்! "இந்த ஒற்று வேணாம் அண்ணி, பாக்க நல்லாவே இல்ல."

பல் நறநறத்தது எனக்கே கேட்டது. அடப்பாவி, என் கடைவாயில் உட்கார்ந்திருப்பது நீதானா? உனக்காக என் பல்லைப் பிடுங்கப் பார்த்தார்களே!

ஜூன் 12

சொல்லிவிட்டேன். இவர் இருக்கும்போதே. "தம்பி, இந்த மாசத்துக்குள்ள வேற இடம் பாத்துக்கோங்க." சின்னவர் சரி அண்ணி என்றார். இவர்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 3

சின்னவர் போய்விட்டார். வலி குறைந்துவிட்டது. பல்லும் இருக்கிறது. இவர்தான் உம்மென்றே இருந்தார்.

இன்று சாப்பிடும்போது தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பல்லு."

"எந்தப் பல்லு?"

"தெரியல."

எதிரே உட்கார்ந்தேன். "எம்மேல கோவம்தானே? வாயைத் திறந்து சொல்லிடுங்க."

திறந்தார். என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம், அவன் எங்கே போவான்னு நெனச்சியா என்று சாப்பாடு ஆறும்வரை பேசினார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கும் வலித்தது, பல்லில் இல்லை. எங்கே என்று இந்தத் தடவை தெரிந்தது.